ஒரே தட்டில் இரண்டு மகேந்திரன்கள்

மட்டக்களப்பு டவுனில் உள்ள இந்தக் கடையில் பழைய புத்தகங்களும் சினிமா டீவிடிகளும் கிடைக்கும். விலை பரவாயில்லை, தேடுவதுதான் பெரும்பாடு. ‘மகேந்திரன்’ என்று எழுதி ஒட்டிய ஒரே தட்டில் உதிரிப்பூக்கள், மூன்றாம் பிறை, வீடு எல்லாம் கலந்து கிடக்கின்றன. உதிரிப்பூக்கள் (1979) இயக்குநர் ஜே. மகேந்திரனுடையது. மற்ற இரண்டும் பாலு மகேந்திராவுடையவை. அவர் நம்ம அமிர்தகழியில் பிறந்த மனுசன். இந்த ஊரிலேயே இப்படிக் குழப்பினால் எப்படி? முள்ளும் மலரும் (1978) மட்டும் சரி, விட்டுவிடலாம்: இயக்கம் ஜே. மகேந்திரன், ஒளிப்பதிவு பாலு மகேந்திரா.

அடியில் ‘சினிமாவும் நானும்’ அகப்பட்டது. ஜே. மகேந்திரன் எழுதியது. கடைத் தம்பி அதையும் பாலு மகேந்திரா எழுதியதென்று சாதித்தார். முதல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். சிரித்துக்கொண்டே 50 ரூபாய் குறைத்தார்.