கட்டுப் பிரித்த பிறகும் ஆறாத காயம்: ஒரு குழந்தைகள் மனநல மையத்தில் நான்கு மாதங்கள்

சாலை விபத்தில் என் எட்டு வயது மகனுக்கு முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது என்று கட்டைப் பிரித்தார்கள். அதன் பிறகுதான், நான்கு வயதிலேயே நின்றுபோயிருந்த, படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. பள்ளி வேன் வரும் நேரம் பார்த்து வயிற்றுவலி வந்தது. ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

இந்த மையத்துக்கு வருவதற்கு முன் இரண்டு இடங்களுக்குப் போனோம். முதல் இடத்தில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை, எல்லாம் மனம்தான் என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஓர் ஆலோசகர், முதல் சந்திப்பிலேயே எங்கள் எல்லோருக்கும் நடுவில் அவனை உட்காரவைத்து, “அன்றைக்கு என்ன நடந்தது, முழுதாகச் சொல்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனவே மூன்றாவது இடத்துக்குச் சந்தேகத்தோடுதான் போனேன்.

இங்கே குழந்தை நல மருத்துவரும் உளவியலாளரும் முதல் நாளே ஒன்றாக அமர்ந்து பார்த்தார்கள். விபத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. எடை, உயரம், உறக்கம், பசி, மலம் கழிக்கும் வழக்கம் என்று வரிசையாக விசாரித்துவிட்டு, மருத்துவர் தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். கடுமையான மலச்சிக்கல் இருந்தது. பள்ளிக் கழிவறைக்குத் தனியாகப் போகப் பயந்து நாள் முழுவதும் அடக்கி வைத்திருக்கிறான். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதாலும் படுக்கை நனையும் என்று அவர் விளக்கியபோது, எல்லாம் மனம்தான் என்று கேட்டுக் கேட்டு நானும் அவனை அதட்டியிருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. வலி உண்மை, அதற்கு உடலும் காரணம், பயமும் காரணம் என்று அவர் அவனிடமே சொன்னார். அவன் தலையாட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

மாத்திரை கேட்டது நான்தான். தூக்கத்துக்காவது ஏதாவது கொடுங்கள் என்றேன். அவர்கள் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்பதைப் பொறுமையாகச் சொன்னார்கள். அதிர்ச்சி நிகழ்ந்த முதல் மாதத்தில் குழந்தைகளுக்குப் பதற்றத்தைத் தணித்து உறக்கம் வரவைக்கும் பென்சோடயசெபின் வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நாங்கள் அந்த ஒரு மாதத்தைக் கடந்திருந்தாலும், அவனுக்கு முதலில் தேவை பேச்சுவழிச் சிகிச்சைதான் என்பது அவர்கள் முடிவு. படுக்கை நனைவதற்கும் அதே வழிகாட்டுதலில் உள்ள எளிய வழியைத்தான் கொடுத்தார்கள்: திட்டக் கூடாது, தூங்கும் முன் கழிவறை, நனையாத இரவுக்கு ஒரு நட்சத்திரம். சுவரில் ஒட்டிய அந்தத் தாளில் முதல் வாரம் ஒரே ஒரு நட்சத்திரம்தான் இருந்தது.

அவர்கள் பின்பற்றியது, மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை; எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை அது. பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். எங்களுக்கு 15 ஆயின. ஒவ்வொரு அமர்விலும் பாதி நேரம் அவனுக்கு, பாதி நேரம் எனக்கு. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதல் சில வாரங்கள் மூச்சுப் பயிற்சி, பயத்துக்குச் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுதல் என்றே போயின. உண்மையான சிகிச்சை எப்போது தொடங்கும் என்று நான் அலுத்துக்கொண்டதும் உண்டு. பிறகுதான் அவன் சொல்லச் சொல்ல உளவியலாளர் எழுதி, விபத்து நாளின் கதை ஒரு சிறு புத்தகமாக வளர்ந்தது. ஒன்பதாவது அமர்வில் ஒரு வரி வந்தது: “நான் ஷூ லேஸ் கட்டிவிடச் சொல்லி அப்பாவை நிற்கவைத்தேன். நிற்காமல் போயிருந்தால் அந்த லாரி வந்திருக்காது.” மாதக்கணக்கில் அவன் இதைச் சுமந்திருக்கிறான், எங்கள் இருவருக்கும் தெரியாது. “உன் தப்பில்லை” என்று சொல்ல நான் வாயைத் திறந்தபோது உளவியலாளர் கையசைத்து நிறுத்திவிட்டு, லேஸ் கட்டும்போது லாரி எங்கே வந்துகொண்டிருந்தது என்று உனக்குத் தெரியுமா என்று அவனையே கேட்டார். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, தெரியாது என்றான். என் கண்ணுக்கு, இந்த மையத்தின் தரம் அந்தக் கையசைப்பில் இருந்தது.

குறைகளும் உண்டு. அமர்வுகள் பள்ளி நேரத்தில் மட்டுமே கிடைத்தன. பள்ளியையே தவிர்க்கும் பிள்ளைக்கு இது முரணான ஏற்பாடு. ஆசிரியருக்கு எழுதித் தருவதாகச் சொன்ன கடிதம் மூன்று வாரம் தாமதமானது. அந்த இடைவெளியில் கழிவறைக்கு அனுமதி கேட்டதற்காக ஒருமுறை வகுப்பில் திட்டும் வாங்கினான். வண்டியை ஓட்டிய என் கணவரை ஒரே ஒரு முறைதான் அழைத்துப் பேசினார்கள். அவருக்கும் உறக்கமில்லை என்பதை நானாகச் சொன்ன பிறகே, பெரியவர்களைப் பார்க்கும் வேறொருவரிடம் அனுப்பினார்கள்.

விபத்து முடிந்து ஓரிரு வாரமே ஆகியிருந்தால் யாரும் அவசரப்பட்டு நீண்ட சிகிச்சையில் சேர்க்க வேண்டியதில்லை. பல குழந்தைகள் வீட்டாரின் அரவணைப்பிலேயே தேறிவிடுவார்கள் என்று இந்த மையத்திலேயே சொல்லி, ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். ஒரு மாதம் கடந்தும் பயமோ, உறக்கக் கேடோ, உடல் தொந்தரவோ குறையவில்லையென்றால் தயங்காமல் இங்கே போகலாம்.

நட்சத்திரத் தாள் இப்போது நிறைந்துவிட்டது. காரில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார மட்டும் இன்னும் மறுக்கிறான்; வற்புறுத்த வேண்டாம், வாரம் ஒருமுறை அருகில் உள்ள தெருமுனை வரை முயன்று பயத்தின் மதிப்பெண்ணைக் குறித்து வாருங்கள் என்றிருக்கிறார்கள். போன வாரம் ஆறு போட்டிருந்தான்.