கல்லா, குடிபெயர்வா?

கடல் அரிக்கும் திருகோணமலைக் கரையோர ஊர்களுக்கு இரண்டு வழிகள்: கருங்கல் கொட்டி மறிப்பது, அல்லது சனத்தை உள்ளே குடியேற்றுவது.

கல் உடனே பலன் தரும். ஆனால் கல் முடியும் இடத்தில் அலை பக்கத்து ஊரின் மணலைத் தின்னும்; கரைவலை இழுக்கவும் இடம் மிஞ்சாது. யாருடைய வீட்டுக்காக யாருடைய கரையைக் கொடுப்பது?

குடிபெயர்வு உயிரைக் காக்கும், சரி. 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் வீடு கட்ட அரசு தடை போட்டது: தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர். அந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. விடியுமுன் வள்ளம் தள்ளுகிறவர் இயந்திரத்தைத் தோளில் சுமந்து எவ்வளவு தூரம் நடப்பார்? நான் குடிபெயர்வின் பக்கம்தான். ஆனால் கரையில் மீனவர் தங்கும் குடிலான வாடியும் வள்ளத்துறையும் அவர்களுக்கே என்று முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும்.