காதல் தி கோர்: பேச்சு குறைவு, கனம் அதிகம்

ஜியோ பேபி இயக்கிய இந்த மலையாளப் படம் (2023) தன்பால் ஈர்ப்பைக் கேலிக்கூத்தாக்கவில்லை; நம் சினிமாவில் அதுவே அபூர்வம். உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறார் மாத்யூ (மம்முட்டி). அதே நேரத்தில், அவர் தன்பால் ஈர்ப்பாளர் என்று சொல்லி மனைவி ஓமனா (ஜோதிகா) விவாகரத்து கேட்கிறார். ஓமனாவை வில்லியாக்காமல், அவரும் இழந்தவர் என்று காட்டியதுதான் திரைக்கதையின் பலம். மகனைப் பற்றித் தெரிந்தே கல்யாணம் செய்து வைத்ததை அப்பா நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளும் இடம் உலுக்கிவிடுகிறது.

குறை? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் தங்கனும் மாத்யூவும் பெரும்பாலும் பார்வையாலேயே பேசுகிறார்கள். உறவு எப்படித் தொடங்கியது, இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதெல்லாம் நம் ஊகத்துக்கு. பெரிய நட்சத்திரம் நடித்தும் நெருக்கத்தைக் காட்டக் கேமரா தயங்குகிறது. முதல் அரைமணி நேரம் மெதுவாகத்தான் நகரும், பொறுத்துப் பாருங்கள்.