திர்யாக்கா, பாத்சஹரா? பாரசீக மருத்துவத்தின் இரண்டு நஞ்சுமுறிகள்

நஞ்சு உண்டவருக்குப் பாரசீக மருத்துவத்தில் முதல் வேலை வெந்நீரில் எண்ணெய் கலந்து கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது. பிறகு பால், வெண்ணெய். இப்னு சீனா (980–1037) சொல்லும் வரிசையும் இதுதான். (இன்று இதை வீட்டில் செய்யவே கூடாது. அமிலமோ மண்ணெண்ணெயோ திரும்ப மேலே வந்தால் தொண்டையும் நுரையீரலும் வெந்துபோகும், நேராக ஆஸ்பத்திரிதான்.) அடுத்துக் கொடுக்கும் முறிமருந்தில்தான் போட்டி.

திர்யாக் அறுபதுக்கும் மேற்பட்ட சரக்குகள் சேர்ந்த லேகியம். விரியனின் தலையிலும் வாலிலும் நான்கு விரற்கிடை வெட்டி எறிந்து, குடல் நீக்கி, சதகுப்பையும் உப்பும் போட்டு வேகவைத்து, காய்ந்த ரொட்டித்தூளோடு பிசைந்து வில்லை தட்டுவார்கள். அதோடு அபினும் மூலிகைகளும் தேனில் கூடும். உடனே பயன்படாது, மாதக்கணக்கில் ஊற வேண்டும். பல ஆண்டுகள் வீரியம் ஏறிய பிறகு மெல்லச் சாதாரண லேகியமாக இறங்கிவிடும். வெப்ப நாட்டில் இது சீக்கிரமே நடக்கும்.

பாத்சஹர் காட்டு ஆட்டின் வயிற்றில், ஒரு விதையையோ நாரையோ சுற்றி வெங்காயம் போல அடுக்கடுக்காக வளரும் கல். நம் கோரோசனைக்குத் தூரத்து உறவு. அது மாட்டின் பித்தக்கல். ஊறவைக்க வேண்டாம், கெடாது, உரைத்துக் கொடுத்தால் போதும்.

எனக்குப் பாத்சஹர்தான். காரணம் ஒன்றே: வாங்கும்போதே சோதித்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பான நீரில் மூன்று நான்கு மணி நேரம் போட்டால் நிறமும் எடையும் மாறக் கூடாது. பழுக்கக் காய்ச்சிய ஊசி இறங்கிப் பொரிந்தால் அது பிசினில் உருட்டிய போலி. சுண்ணாம்பு தடவிய தாளில் தேய்த்தால் பச்சைக் கோடு விழ வேண்டும். திர்யாக்குக்கு இருந்த பழைய சோதனை வேறு: பேதி மருந்து கொடுத்து, மேலே திர்யாக் கொடுப்பது, பேதி நின்றால் சரக்கு நல்லது என்பார்கள். பேதியை அபின் மட்டுமே நிறுத்திவிடுமே! விரியன் வில்லை ஒன்றுகூடச் சேராத கலப்படமும் இதில் தேறிவிடும்.

ஆனால் கல் எல்லா நஞ்சையும் முறிக்காது. பிரஷைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது உள்ள கல், தன் பாஸ்பேட்டை விட்டுவிட்டு, ஆர்சனிக் நஞ்சின் ஒரு வடிவமான ஆர்சனேட்டைப் பிடித்துக்கொள்ளும். கல்லில் சிக்கிய முடியின் கந்தகம் அதன் இன்னொரு வடிவமான ஆர்சனைட்டைப் பிடிக்கும். அந்தத் தாதுவும் முடியும் இல்லாத கல்லிடம் இதை எதிர்பார்க்க முடியாது. பாதரச உப்பிடமும் கல் தோற்றது: 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே மரண தண்டனை பெற்ற ஒரு சமையல்காரருக்கு வீரம் என்ற பாதரச உப்பும் பாத்சஹரும் கொடுத்துப் பார்த்தார், ஆள் சில மணி நேரத்தில் துடித்துச் செத்தார்.

திர்யாக்கின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: வலியும் இருமலும் நிஜமாகவே அடங்கும். ஆனால் அபினில் அடங்கிக் கிடக்கும் நோயாளியைப் பார்த்து நஞ்சு முறிந்துவிட்டது என்று மருத்துவர் எழுந்து போய்விடுவதும் அதனால்தான்.