மூன்று மணி நேரப் பெட்டியா, முப்பத்தைந்து நிமிடத் தட்டா?

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிடியை முதல் டிராக்கிலிருந்து கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்டு முடித்தால், அதன் உள்ளட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். கேரம் ஆட்டத்துக்குக் கணக்கு வைப்பது போல நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. போன மாதம் அலமாரியைத் துடைத்து அடுக்கும்போது இந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தேன். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகத்துக்கு 2001இல் வந்த ஒற்றை சிடி ஆல்பத்தில் 34 கோடு. அதே படத்தின் முழு இசையும் அடங்கிய பெட்டியில் இரண்டே இரண்டு. ஒற்றை சிடியைப் பழைய சிடிக்காரர் ஒருவரிடம் பேரம் பேசி வாங்கினேன். பெட்டிக்கு அதைப் போல எட்டு மடங்குக்கு மேல் கொடுத்தேன்.

ஹாலிவுட் பின்னணி இசை வாங்க நான் ஒதுக்குவது மாதம் ஆயிரம் ரூபாய். ஒரு மாதம் வாங்காவிட்டால் அடுத்த மாதம் இரண்டாயிரம் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். இந்தத் தொகையில் எதை வாங்குவது, எதை விடுவது என்று ஏழெட்டு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டதில் தேறியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை இந்தக் குழப்பமே நமக்கு வந்ததில்லை. ஆல்பம் என்றால் பாட்டு. ஆர்.ஆர்., அதாவது ரீரெக்கார்டிங், என்று நாம் செல்லமாகச் சொல்லும் பின்னணி இசை தனியாகக் கடைக்கு வருவது அபூர்வம். ஹாலிவுட்டில் கதை வேறு. ஒரே படத்தின் பின்னணி இசையே மூன்று விதமாகக் கிடைக்கும். படம் வந்தபோது வெளியான சின்ன ஆல்பம் முதல் வகை. பல வருடம் கழித்துப் பழைய டேப்புகளைத் தேடியெடுத்து, படத்தில் வரும் எல்லாவற்றையும் சேர்த்து வெளியிடும் விரிவான பதிப்பு இரண்டாவது. அப்புறம் வேறொரு ஆர்க்கெஸ்ட்ரா பின்னாளில் புதிதாக வாசித்துப் பதிவு செய்தது. இதை அவர்கள் ரீரெக்கார்டிங் என்கிறார்கள். நம் கோடம்பாக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு என்பதால், ஆரம்பத்தில் நான் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு சிடி வாங்கி ஏமாந்தேன். தப்பு விற்றவர் மேல் இல்லை.

ஒலித்தரம், அட்டை அழகு, புத்தகத் தாள் இதையெல்லாம் அலச ஒன்றுமில்லை. விரிவான பதிப்பில் எல்லாமே ஒரு படி மேல். அதில் சண்டை கிடையாது.

சின்ன ஆல்பம் ஏன் சின்னதாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். எல்.பி. என்ற பெரிய கறுப்பு இசைத்தட்டுகளின் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். அதனால் நாற்பது நிமிடத்துக்குள் முடித்தார்கள். சிடி வந்த பிறகும் இது மாறாததற்குக் காரணம் பணம். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதிப்படி, படத்துக்காக வாசித்ததை ஆல்பமாக விற்றால் வாசித்தவர்களுக்கு மறுபடி காசு கொடுக்க வேண்டும். எண்பது, தொண்ணூறு பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரேஸ் சாராபாண்ட் போன்ற லேபிள்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளியிட்ட பல சிடிகள் முப்பது நிமிடத்தோடு நின்றுபோனது இதனால்தான். அவற்றைப் பார்த்து ‘அரை சிடி காலி’ என்று ரசிகர்கள் புலம்பியதில் நியாயம் உண்டு.

ஆனால் நல்ல இசையமைப்பாளர் கையில் இந்தக் கட்டாயமே வேறொன்றாக மாறிவிடுகிறது. ஜான் வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ இரட்டை எல்.பி.யாக வந்தபோது, லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த அந்த இசையை அவர் படத்தின் வரிசையில் வைக்கவில்லை. பென் கெனோபி சாகும் காட்சியின் இசை இரண்டாவது பக்கத்திலேயே வந்துவிடுகிறது. பாலைவனத்து மணல் மனிதர்கள் மூன்றாவது பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கதை தெரிந்தவருக்குக் குழப்பம்தான். ஆனால் காதுக்கு அது கச்சேரி மாதிரி இருக்கிறது. வேகமான உருப்படிக்குப் பின் விளம்பமாக ஒன்று, கனமானதுக்குப் பின் துக்கடா மாதிரி, மதுக்கடைக் காட்சியில் வரும் அந்த ஜாஸ். 1997இல் வந்த இரண்டு சிடி பதிப்பு எல்லாவற்றையும் படத்தின் வரிசைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் சிடியாக என்னிடம் இருக்கின்றன. கோடு எதில் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

‘ஜாஸ்’ இன்னும் சுவாரசியம். சுறாப் படத்தைச் சொல்கிறேன், மேலே சொன்ன ஜாஸ் வேறு. 1975இல் வந்த ஆல்பம் சுமார் 35 நிமிடம். படத்தில் ஒலிக்கும் பதிவு இல்லை அது. ஆல்பத்துக்கென்றே வில்லியம்ஸ் திருத்தி எழுதி மறுபடி வாசிக்க வைத்தது. படத்தில் சட்டென்று முடியும் துண்டுகளுக்கு இதில் ஒரு தொடக்கமும் முடிவும் கிடைத்திருக்கிறது. படகுத் துரத்தல் இசை படத்தில் காட்சிக்கேற்ப நின்று நின்று போகும், இங்கே ஒரே மூச்சில் ஓடுகிறது. படத்தில் ஒலித்த பதிவு தனி ஆல்பமாக வர 2000ஆம் ஆண்டு வரை, அதாவது 25 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நண்பர் வீட்டில் மூன்று முறை கேட்டிருக்கிறேன். இறுக்கமாக, பயமாக, அருமையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இரவு ஏழரைக்கு வேலையிலிருந்து வந்து, குளித்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்குள் இருக்கும் முக்கால் மணி நேரத்தில் என் கை போவது 1975இன் பக்கம்தான்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயமே இந்த முக்கால் மணி நேரம்தான். வாங்கும்போது பணத்தை எண்ணுகிறோம், கேட்கும் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. ‘ரிங்ஸ்’ முதல் பாகத்தின் முழுப் பதிப்பு 2005இல் வந்தது. மூன்று சிடி, கூடவே ஒரு டிவிடி, மொத்தம் சுமார் மூன்று மணி நேரம். அடுத்த இரண்டு பாகங்களும் 2006, 2007 என்று வருடத்துக்கு ஒன்றாக வந்தன. மூன்றாம் பாகம் நான்கு சிடி. மூன்றையும் வாங்கியிருந்தால் என் ஒரு வருட ஒதுக்கீடு போயிருக்கும். முதலாவதோடு நிறுத்தியதற்கு வீட்டில் பாராட்டு கிடைத்தது.

பெட்டி வந்து சேர்ந்த வாரம் விடுமுறை எடுக்காத குறையாகக் கேட்டேன். இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர் என்ன செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபட்டது. ஒன்பது பேர் கூட்டணியின் மெட்டு முதலில் அரைகுறையாகத் தலைகாட்டும். ரிவெண்டெல் என்ற இடத்தில் அவர்கள் ஒன்றுசேரும்போதுதான் முழுதாக எழும், அப்புறம் ஆள் குறையக் குறைய மெட்டும் உடையும். 71 நிமிட ஆல்பத்தில் இந்த வளர்ச்சி பாதிதான் தெரியும். இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன்.

சரி, தெரிந்துகொண்டாயிற்று. அப்புறம்? இரண்டாவது முறை கேட்கும்போதே, வசனத்துக்கு வழிவிட்டு அடியில் நீளமாக ஒரே சுரத்தில் நிற்கும் பகுதிகள் எவ்வளவு என்று உறைக்க ஆரம்பித்தது. படத்தில் அது வேலைத்திறன். கூடத்தில் தனியாக உட்கார்ந்து கேட்கும்போது, பேச வேண்டிய ஆள் வராத மேடை மாதிரி இருக்கிறது.

என் கோட்டுக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரத்தை ஒரே உட்காரலில் கேட்டால்தான் கோடு என்றால் எந்தப் பெட்டியும் தோற்கத்தான் செய்யும். இதை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு தட்டுவாரியாகவும் கணக்கு வைத்தேன். முதல் தட்டு 7, இரண்டாவது 3, மூன்றாவது 2. ஆக, என் காது முதல் தட்டோடு களைத்துவிடுகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கும் இரவெல்லாம் விழித்து வேலை செய்கிறவர்களுக்கும் கணக்கு வேறாக வரலாம்.

‘இப்போது விட்டால் கிடைக்காது’ என்ற பயம்தான் விரிவான பதிப்பின் பெரிய விற்பனைத் தந்திரம். இத்தனை ஆயிரம் பிரதி மட்டும் என்று அச்சிட்டே விற்பார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்த ‘ரிங்ஸ்’ பெட்டிகள் நடுவில் சில வருடம் புதிதாகக் கிடைக்காமல் போய், வைத்திருந்தவர்கள் சொன்னதே விலை என்று ஆனது உண்மை. ஆனால் 2018இல் மூன்றும் மறுபடி வெளியாயின. நடுவில் பயந்து வாங்கியவர்கள் பட்டியலில் நானும் ஒருவன். என் பிரதி வேறு, தபாலில் ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. மறுவிற்பனைக்கு அதுவும் ஆகாது, உள்ளே பென்சில் கோடு வேறு.

சின்ன ஆல்பமே எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன். இண்டியானா ஜோன்ஸின் முதல் படத்துக்கு 1981இல் வந்த எல்.பி. நாற்பது நிமிடத்தை ஒட்டியது, விட்டுப்போனது அதிகம். 1995இல் வந்த 73 நிமிட ஒற்றை சிடிதான் சரியான அளவு. ஒற்றை சிடிக்குள் அடங்கும் விரிவான பதிப்பு என்றால் நான் யோசிக்காமல் வாங்குவேன். ‘வெர்டிகோ’வும் அப்படியே. 1958இல் அமெரிக்க இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் பெர்னார்ட் ஹெர்மனின் அந்த இசை லண்டனிலும் பிறகு வியன்னாவிலும் பதிவானது, நடத்தியவர் மியூர் மேத்திசன். அன்றைய எல்.பி.யில் அரை மணி நேரம் சொச்சம்தான் இருந்தது. 1996இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைத்தது. அதில் தூக்கிப் போட ஒரு நிமிடம்கூட இல்லை.

புதிதாக வாசித்த பதிவுகளில் என் அனுபவம் குறைவு, நான்கே நான்குதான் இருக்கின்றன. ஜோயல் மெக்நீலி, ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திப் பதிவு செய்த ‘வெர்டிகோ’ துல்லியத்தில் மூலத்தை மிஞ்சுகிறது. ஆனால் பழைய பதிவின் பதற்றம் எனக்குக் கிடைக்கவில்லை. முழுக்க முழுக்கத் தந்தி வாத்தியங்களுக்கென்றே எழுதிய ‘சைக்கோ’வை ஹெர்மன் தாமே 1975இல் மறுபடி நடத்தினார், படத்தைவிட மெதுவாகப் போகும். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். 1930, 40களின் படங்கள் வேண்டுமென்றால் மட்டும் இந்த வகையைத் தைரியமாகச் சொல்வேன். அதற்கு, நடத்துநர் சார்ல்ஸ் கெர்ஹார்ட் லண்டனில் நேஷனல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஆர்.சி.ஏ. லேபிளுக்காகச் செய்த வரிசை இருக்கிறது. 1972இல் வந்த முதல் தட்டிலேயே கோர்ன்கோல்டின் ‘ராபின் ஹூட்’, ‘கேப்டன் பிளட்’ எல்லாம் ஒன்றாக வந்துவிடுகின்றன. ஒரு தட்டுக் காசில் ஒரு இசையமைப்பாளர் முழுவதும் கையில்.

புதிதாக வாசித்ததை வாங்கும்போது அட்டையில் யார் வாசித்தது என்ற வரியைக் கட்டாயம் படியுங்கள். ‘பிளேட் ரன்னர்’ 1982இல் வந்தது, அதன் இசையமைப்பாளர் வாங்கெலிஸின் சொந்தப் பதிவு ஆல்பமாக வந்ததோ 1994இல். நடுவில் 12 வருடம் கடையில் கிடைத்தது நியூ அமெரிக்கன் ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழு வாசித்த வேறொன்று. சிந்தசைசரில் உயிர் வாழும் இசையை ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்டால் எப்படி இருக்கும்? ஃபில்டர் காபியை டீ என்று கொடுத்த மாதிரி. நான் முதலில் சொன்ன ஏமாற்றம் இதுதான். 2007இல் வந்த மூன்று சிடி பதிப்பில் முதல் தட்டு அந்த 1994 ஆல்பமேதான். கை கடித்தால் 1994ஐ மட்டும் வாங்கினால் போதும்.

எல்.பி. பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வீட்டில் டர்ன்டேபிள் இல்லை. ஊசி, தூசி, ஈரக்காற்று என்று வைத்திருப்பவர்கள் சொல்வதைக் கேட்டே பின்வாங்கிவிட்டேன். ஸ்ட்ரீமிங்கை ஒத்திகைக்கு வைத்துக்கொள்கிறேன். எதையும் போனில் இரண்டு முறை முழுதாகக் கேட்பேன். மூன்றாவது முறை தானாகக் கை போனால்தான் காசு.

இந்த மாத ஆயிரத்தில் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ வாங்கியிருக்கிறேன். 2018இல் வந்த இரண்டு சிடி பதிப்பை விட்டுவிட்டேன். இட்சாக் பெர்ல்மன் வயலின் வாசித்த 1993 ஆல்பம்தான், 64 நிமிடம், யாரோ வாங்கி ஒழுங்காக வைத்திருந்த பழைய பிரதி. அந்த ‘ரிங்ஸ்’ பெட்டியைக் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்த நண்பரிடம் கேட்கக் கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது. கேட்டு முடித்தால் அவரையும் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் விசாரித்தேன், முதல் தட்டில் ஒன்று போட்டிருக்கிறாராம்.