போலரைசர் ஃபில்டர்: கற்றுக்கொடுத்த கண்ணாடி, கழுத்தறுத்த வளையம்

வெளிப்புறப் படங்கள் நன்றாக வர வேண்டுமென்றால் முதலில் எதை வாங்குவது என்று, புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அதே வாரத்தில்தான் என் 18-55 மி.மீ. லென்ஸ் பழுதுபார்ப்பவரிடமிருந்து திரும்பி வந்தது. அதன் முகப்பில் இறுகிப்போயிருந்த 58 மி.மீ. சர்குலர் போலரைசரை, அதாவது பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டிச் சுழற்றும் கண்ணாடி ஃபில்டரை, அவர் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த ஃபில்டரைப் பற்றி நான் எழுதுவதில் நன்றியும் கோபமும் கலந்தே இருக்கும். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் வயலையும் வாழைத் தோட்டத்தையும் படம் பிடித்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குப் பசேலென்று இருக்கும் இலை படத்தில் வெளிறிப்போய் நிற்கும். இலையின் மெழுகுப் பூச்சில் பட்டுத் திரும்பும் வான வெளிச்சமே அதற்குக் காரணம். அப்படித் திரும்பும் ஒளியின் பெரும்பகுதி ஒரே தளத்தில் அதிர்வதால், போலரைசரை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் அது தடுக்கப்பட்டுவிடுகிறது. வளையத்தை மெல்லச் சுழற்றும்போது வாழையிலையின் மேலிருந்த வெள்ளைப் பளபளப்பு ஓரத்திலிருந்து கரைந்து, நடுநரம்பும், அதிலிருந்து வரிவரியாகப் பிரியும் நரம்புகளும், காற்று கிழித்த விளிம்புகளின் பழுப்பும் ஒவ்வொன்றாக வெளிவருவதை வியூஃபைண்டரில் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. பளபளப்பில் மறைந்து பதிவாகாமலே போன விவரத்தை எந்த எடிட்டிங் செயலியும் பிறகு மீட்டுத் தராது. தெளிந்த வாய்க்கால் நீரை அதன் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்த்தால், வானத்தின் பிரதிபலிப்பு விலகி அடியிலுள்ள மணல் தெரிகிறது. உலோகத்தின் பளபளப்பை மட்டும் இது ஒன்றும் செய்யாது. செப்புக் கலசம் மின்னிக்கொண்டேதான் இருக்கும்.

இவையெல்லாம் எதிர்பார்த்து வாங்கியவை. எதிர்பாராமல் கிடைத்தது வேறொன்று: கேமராவைத் தூக்குவதற்கு முன் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம். வானத்தின் நீலம் இந்த ஃபில்டரில் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல ஆழமாவதில்லை. சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் பகுதியில்தான் மிக அதிகமாக ஆழமாகும். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக வைத்துக் கையைச் சுழற்றினால், கட்டைவிரல் காட்டும் திசைகளெல்லாம் அந்தப் பகுதிதான். பெரிய கோயில் கிழக்கு நோக்கியது. காலையில் கோபுர வாயிலைக் கடந்து எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். விமானத்தில் வெளிச்சம் நேராக விழுந்து சிற்பங்கள் தட்டையாகத் தெரியும், வானமும் ஃபில்டருக்கு அசைந்து கொடுக்காது. மாசி, பங்குனிக் காலையில் தெற்குத் திருச்சுற்றுக்கு நடந்து வடக்கு நோக்கி நின்றால், வலப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும் வெயில் ஒவ்வொரு மாடத்துக்கும் நிழல் கொடுத்து, கல்லின் ஆழத்தைக் காட்டுகிறது. அதன் பின்னே வானமும் கருநீலமாகிறது. ஃபில்டருக்காகத் தேடிப்போன அந்த இடம், ஃபில்டரைக் கழற்றிய பிறகும் நல்ல இடமாகவே இருந்தது. சித்திரை உச்சி வெயிலில் நிலைமை வேறு: சூரியன் தலைக்கு நேர்மேலே வருவதால் அடிவானத்தை ஒட்டிய வானம் நான்கு திசையிலும் ஆழமாகும், ஆனால் வெளிச்சம் மேலிருந்து கொட்டுவதால் கல்லுக்கு உயிர் இருக்காது.

இனி அந்த வளையம். போலரைசரில் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று லென்ஸின் மரையில் இறுகி நிற்க வேண்டும், மற்றொன்று கண்ணாடியோடு தங்குதடையின்றிச் சுழல வேண்டும். இந்தப் பொருளின் உயிரே அந்தச் சுழற்சிதான், ஏனென்றால் கேமராவைக் கிடையிலிருந்து நெடுக்காகத் திருப்பினாலே வளையத்தையும் கால் சுற்றுத் திருப்பியாக வேண்டும். உயர்ந்த விமானத்துக்குமுன் இதை எத்தனை முறை செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் வாங்கிய ஃபில்டரில் சில மாதங்களிலேயே வளையம் கனத்துப்போய், தூசியும் வியர்வையும் சேர்ந்து மண் அரைபடும் ஓசையோடு நகர்ந்தது. இடப்பக்கம் திருப்பினால் ஃபில்டர் முழுவதுமாகக் கழன்று வரப் பார்க்கும். கீழே விழாமல் இருக்க எப்போதும் இறுக்கும் பக்கமாகவே திருப்புங்கள் என்று அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரையைப் பின்பற்றினால், ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் பிளாஸ்டிக் மரையில் அலுமினிய வளையம் இன்னும் கொஞ்சம் இறுகும். கடைசியில் அது அசைய மறுத்தது. ரப்பர் பட்டை சுற்றிப் பார்த்தும் பயனில்லை. தயாரித்த நிறுவனமோ, அது உபயோகத்தால் வந்த தேய்மானம் என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. சுழற்றுவதற்கென்றே செய்த பொருளைச் சுழற்றியது எப்படித் தவறான உபயோகமாகும்? பழுதுபார்ப்புக் கூலி ஃபில்டரின் விலையைவிட அதிகமாயிற்று.

நியாயமாக மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) வெளிச்சம் குறைவதால், 1/250 நொடியில் எடுக்க வேண்டிய படம் 1/60-க்குப் போய்விடும். பொழுது சாயும்போது கழற்றிவிடுவதே நல்லது. லென்ஸின் மிக அகன்ற பார்வையான 18 மி.மீ.-இல் வானம் ஒரு பக்கம் மட்டும் கறைபோலக் கறுத்துத் தெரியும். வானவில்லுக்கு நேராக வளையத்தைத் தவறான பக்கம் திருப்பினால் வானவில்லே மறைந்துவிடும். இவை ஒளியின் இயல்பால் வருபவை, இவற்றுக்காக யார்மீதும் எனக்குக் கோபமில்லை.

அந்த வளையத்தின்மீதுதான் கோபம். இதுவரை வாங்கியவற்றில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த இந்தப் பொருளுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருகிறேன், இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். முதலில் போலராய்ஸ்டு குளிர்கண்ணாடி வீட்டில் இருந்தால் அதைக் கைப்பேசி லென்ஸுக்கு முன் பிடித்து, மெல்லத் திருப்பிப் பாருங்கள். இலையும் வானமும் மாறுவதைக் கற்க அது போதும். அதன் பிறகும் வாங்கியே தீர வேண்டும் என்றால் பித்தளை வளையம் உள்ளதைக் கேளுங்கள். கடையிலேயே லென்ஸில் லேசாக மாட்டி, வெளிவளையத்தை ஒற்றை விரலால் இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள். அதற்கு அசையவில்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.