காசிமேட்டில் வாசித்த செம்மீன்

“செம்மீனா? எந்த மீனு அது, சங்கராவா?” புத்தகத்தின் பேரைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். அம்மா 40 வருஷமாகச் சென்னை காசிமேட்டில் மீன் விற்கிறாள். படிக்கத் தெரியாது.

தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதி 1956இல் வந்த நாவல், மறு வருஷமே சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. அல்லிக்குளத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்கு எடுத்தேன். முதுகு விட்டுப்போயிருந்தாலும் பக்கங்கள் முழுசாக இருந்தன.

மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால், எங்கள் பக்கம் எறா. தலைப்பை மாற்றாமல் விட்டது எனக்கு முதலில் உறுத்தியது. அப்புறம் புறநானூற்றின் 60ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதில் செம்மீன், வானத்தில் இருக்கும் சிவந்த விண்மீன். நடுக்கடலில் படகு விளக்குப் போல மினுங்குகிறது. புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெண்களின் கதைக்கு இந்தப் பேர் தமிழிலும் அப்படியே நின்றது நல்லதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அம்மாவுக்கும் வியாபாரம் பாதிதான். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தினமும் பத்துப் பதினைந்து பக்கம் சத்தமாக வாசிப்பேன். கருத்தம்மா, பரீக்குட்டி காதலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அம்மாவின் மனசு அதில் நிற்கவில்லை. கருத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்க, மீன் வியாபாரியான பரீக்குட்டி கை கொடுக்கிறான். முதல் பாடு, அதாவது முதலில் பிடித்த மீன், கரைக்கு வரும்போது அவனிடமே ரொக்கம் இருக்கிறதா என்று கேட்கிறார் செம்பன்குஞ்சு. அவனிடம் இல்லை. மீன் வேறு ஆளுக்குப் போகிறது.

அந்த இடத்தில் அம்மா வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டாள். “அவன் துட்டுலதான போட்டே வாங்கினான்?” என்றாள். நான் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தேன், விடவில்லை. அதையே திரும்ப வாசிக்கச் சொன்னாள். அதிலிருந்து ஒவ்வொரு நாளும் புத்தகத்தைத் திறந்ததும் முதல் கேள்வி, “துட்டக் குடுத்துட்டானா?”

பெண்டாட்டி கரையில் ஒழுங்காக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்புவான் என்ற நம்பிக்கைதான் நாவலின் முதுகெலும்பு. அதைக் கேட்டு அம்மாவுக்குக் கோபம் வந்தது. “காத்து அடிச்சா அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?” என்றாள். கதாபாத்திரத்தோடு இப்படிச் சண்டை போட வைக்கிறதே, இதைவிட மொழிபெயர்ப்புக்கு வேறென்ன சான்று வேண்டும்? ஆலப்புழைப் பக்கத்துக் கரையில் நடக்கிற கதை என்பது அவளுக்கு ஒரு தடையாகவே இல்லை.

தடுக்கிய இடமும் உண்டு. மழைக்காலத்தில் அந்தக் கரையில் சேறு திரண்டு ஒரு பகுதிக் கடல் அடங்கிப்போகும், மீன் வந்து குவியும். ‘சாகரை’ என்பார்கள். எங்கள் கடலில் அப்படி ஒன்று இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பவில்லை. தோணி, வலை பற்றிய சில சொற்களுக்கும் நின்று நின்றுதான் அர்த்தம் சொன்னேன். பின்பக்கம் ஒரு சின்ன விளக்கப் பட்டியல் சேர்த்தால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும். ஆனால் அந்தச் சொற்களை எடுத்துவிட்டுப் பொதுவாக ‘படகு’, ‘வலை’ என்று எழுதச் சொல்ல மாட்டேன். அவை போனால் அந்தக் கரையே போய்விடும். வாங்குங்கள், முடிந்தால் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள்.

தடை முடிந்தபோது எங்களுக்கு இன்னும் முப்பது பக்கம் பாக்கி. படகுகள் திரும்பிய அன்று அம்மா விடியற்காலையில் ஏலத்துக்குப் போய், இரவு ஒன்பது மணிக்குக் கால் வீங்கி வந்து படுத்தாள். நான் விளக்கை அணைக்கப் போனேன்.

“இரு, அந்தப் பையன் துட்டு இன்னாச்சுன்னு படி.”